கல்யாணப் புத்தகத்தில் கறுப்பு ஆகாது

நான் ரத்தம் பார்க்கிறவள். தேனியில் ஒரு லேபில் டெக்னீஷியன் வேலை. அங்கே ரிப்போர்ட்டில் எண் கறுப்பில் வந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாக வடை தின்னலாம், சிவப்பில் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். நிறங்களைப் பற்றி எனக்கு இருந்த மொத்த ஞானமும் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எங்கள் சபைப் பாடகர் குழுவான கொயரின் இசைத் தாள்களுக்கு வண்ணம் போடக் கிளம்பினேன். கிளம்பியவள், ஒரு கல்யாண ஆராதனையின் நடுவில் நெஞ்சு வெடித்துச் சாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான்தான் கீபோர்டு. எங்கள் கொயர் மாஸ்டர் கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டும் அவரே எழுதி மெட்டும் அவரே போடுவார். பெண்களுக்குச் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கும் தனித்தனியாக எழுதுவார். எழுதியதை அவரைத் தவிர உலகத்தில் ஒரு ஜீவனாலும் படிக்க முடியாது. எறும்பு மையில் விழுந்து எழுந்து பேப்பரில் நடந்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் பேஸ் குரலில் கீழே இறங்கினால் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் வயிறு அதிரும். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டைக்காக அந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

ஒரு கட்டத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரை லேப்டாப்பில் இறக்கி, மவுஸால் ஒவ்வொரு சுரமாகத் தூக்கிக் கோட்டில் வைத்து, மாஸ்டரின் பாட்டுகளை அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அடித்த தாளைப் பார்த்து கொயரே கைதட்டியது. மாஸ்டர் மட்டும், "எறும்பையெல்லாம் கொன்னுட்டியே பிள்ள" என்றார். அவருக்குத் தன் கையெழுத்தைப் பற்றித் தெரிந்தேதான் இருந்திருக்கிறது, பாருங்கள்.

வண்ணம் வந்தது சண்டையால். முதலில் குரலுக்கு ஒரு நிறம் என்று போட்டேன். சொப்ரானோவுக்கு ரோஸ் கொடுத்ததும் ஆல்டோக்காரிகள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், எங்களுக்கு மட்டும் என்ன பாசி நிறம் என்று. ஒரே வாரத்தில் அதைத் தூக்கிப் போட்டேன். அடுத்தது நிஜமான சண்டை. மாஸ்டரின் எறும்பு எங்கே நிற்கிறது என்று தெரியாத இடங்களில் நானே குத்துமதிப்பாக ஒரு சுரத்தை வைத்துவிடுவேன். எங்கள் டெனர் அண்ணாச்சி பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். லாரி வந்து நின்றதும் லோடு இறக்க ஆட்களைக் கூப்பிடுகிற குரல். அவர் என் குத்துமதிப்பை நிமிர்ந்து நின்று முழங்கினார். மாஸ்டர் மேஜையில் அடித்தார்.

"எவன்டா ஒனக்கு இந்தச் சுரத்தக் குடுத்தது?"

"பிரிண்டுல இருக்கு மாஸ்டர்" என்றார் அண்ணாச்சி.

பிரிண்டில் இருந்தால் தீர்ந்தது. அதற்கு மேல் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, ஒன்னய மெட்டுப் போடச் சொன்னது யாரு? ஓஞ்சரக்கத் தனியாக் காட்டு. எஞ்சரக்கோட கலக்காத."

அன்றிலிருந்து சட்டம் இது. மாஸ்டர் எழுதியது கறுப்பு. நான் என் புத்திக்கு எட்டியபடி சேர்த்தது நீலம், அதுவும் அடைப்புக்குறிக்குள். மாஸ்டர் பிறகு யோசித்துத் திருத்தியது சிவப்பு. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் வரும் காற்புள்ளி, நீட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் கண் மாதிரி வரும் வளைவும் புள்ளியும், எல்லாமே யார் போட்டதோ அவர் நிறத்தில். முதல் தாளைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "கறுப்பு செவப்பு... என்னம்மா, கட்சி நோட்டீசா?" என்றார். இல்லை அண்ணாச்சி, நீலமும் இருக்கிறது, கூட்டணி என்றேன்.

அதன் பிறகு மாஸ்டருக்குத் தொண்டையில் ஆபரேஷன். மதுரையில் செய்தார்கள். உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தின் கீழே ஒரு துளை, மூச்சு அது வழியாகத்தான். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஊரில் எத்தனை பேர் குரலை வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசித் திரிகிறார்கள், எடுப்பதற்கு இந்தத் தொண்டைதானா கிடைத்தது?

மாஸ்டர் கொயரை விடவில்லை. கையில் ஒரு தடி, சட்டைப் பையில் சிவப்பு ஜெல் பேனா. வாயால் திட்ட முடியாததை எல்லாம் தாளில் எழுத ஆரம்பித்தார். திருத்தமும் வசவும் ஒரே பேனா என்பதால் நான் எதையும் விடாமல் அப்படியே சிவப்பில் அடித்துக் கொடுத்தேன். ஆல்டோ நுழையும் இடத்தில் "மெதுவாக. இது காய்கறிச் சந்தை அல்ல." சொப்ரானோ உச்சிக்குப் போகும் இடத்தில் "பூனையின் வாலை விடவும்." டெனருக்கு மேலே "கத்துவதைக் கடையில் வைத்துக்கொள்க." பயிற்சியில் தாளைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் வெளியே போகப் பார்த்தார்கள். இதையெல்லாம் ஏன் அடித்தாய் என்று என்னைப் பிடித்தார்கள். ஆசிரியர் எழுதியதில் நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

எழுத நேரமில்லாத இடங்களில் மாஸ்டரின் மனைவி வாய் கொடுப்பார். நாங்கள் அம்மா என்போம். மாஸ்டர் ஒரு விரலை அசைப்பார், அம்மா ஒரு பிரசங்கமே செய்வார். "அவுக சொல்றாக, பேஸ் இன்னும் தணிஞ்சு பாடணுமாம். பிந்தி வாறவுக நேரத்துக்கு வரணுமாம். போன வாரம் குடுத்த டிபன் கேரியர இன்னும் யாரும் திருப்பித் தரலையாம்." இதில் மாஸ்டர் சொன்னது எதுவரை, அம்மா சேர்த்தது எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் பேச்சுக்கும் நிறம் போட ஒரு சாஃப்ட்வேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நிலையில் மாஸ்டரின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கம்பத்துக்காரர். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் கல்லூரியில் படித்த காலத்திலேயே மாஸ்டர் அவள் கல்யாணத்துக்கென்று ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். கொயர் பாடிக்கொண்டே வரும், மூன்றாவது வரியில் எல்லோரும் நின்றுவிடுவார்கள், பேஸ் மட்டும் தனியாக ஒரு வரி பாடும். "வாசல் மட்டும் நான் வருவேன், வழி நெடுக நீர் வாரும்." தகப்பன் கடவுளைப் பார்த்துச் சொல்கிற வரி. அந்தப் பேஸ் வேறு யாருமில்லை, மாஸ்டரேதான். முன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அதைப் பாடுவதாகத்தான் அத்தனை வருஷமும் கனவு.

தாளைச் சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வரிக்கு வந்ததும் மாஸ்டர் தடியால் தாளைத் தட்டினார். பேனாவை எடுத்து "பாட வேண்டாம்" என்று எழுதினார்.

"அவுக சொல்றாக, இது அவுக வரியாம்" என்றார் அம்மா. "வேற எவனும் வாய் வைக்கக் கூடாதாம். நீ கீபோர்டுல மெதுவா வாசிச்சாப் போதுமாம். குரல் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாம்." அதற்குப் பிறகு தன் சொந்தக் குரலில், "இது வீம்பு. நான் சொல்றேன், சுத்த வீம்பு" என்றார்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

அண்ணாச்சி பயிற்சியில் பவ்யமாக, "மாஸ்டர், நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தார். தடி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் அந்த ஒரு வரிக்கென்று புது நிறம் போட்டேன். சாம்பல். சுரங்களைச் சின்னதாக்கி, சாம்பல் நிறத்தில் வைத்து, மேலே அடைப்புக்குறிக்குள் "பாட வேண்டாம்" என்று சிவப்பில் அடித்தேன். இசைத் தாளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இது இன்னொருவருடையது, பார்த்துக்கொண்டு சும்மா இரு என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மகள் லேபுக்கே வந்துவிட்டாள். ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த வரிய யாராவது பாடட்டும்க்கா. எல்லாரும் வாய மூடிக்கிட்டு அப்பாவையே பாப்பாக. அத்தன பேரு முன்னால அவுக வாய் பேசாம உக்காந்திருக்கிறத நான் பாக்கணுமா? அங்கனயே ஒடஞ்சிருவேன்."

"ஒங்கப்பாட்ட சொல்லு."

"சொல்ல முடியுமாக்கா?"

முடியாதுதான். எனக்கும் அவள் பக்கம்தான் மனசு சாய்ந்தது. ஆனால் அது அவர் வரி. நான் வெறும் அடிக்கிறவள். என் சட்டத்தை நானே மீறினால் அந்த நிறங்களுக்கெல்லாம் என்ன மரியாதை? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. ரத்தம் எடுத்த கையிலெல்லாம் நோகக் குத்தினேன் என்று புகார் வந்தது.

கல்யாண ஆராதனைக்குப் புத்தகம் அச்சடிக்க மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பாட்டை வெறும் வார்த்தையாகப் போடக்கூடாது, சபைக்கும் சுரத்தோடு போக வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில், டோ, ரே, மீயை எழுத்தாகப் போடும் சோல்ஃபா படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. கோட்டில் இருக்கும் சுரம் புரியாவிட்டாலும், கீழே அந்த எழுத்தைப் போட்டுக் கொடுத்தால் முன்பின் கேட்காத பாட்டையும் எடுத்த எடுப்பில் பாடிவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் நிறத்தோடு அடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரஸ் வைத்திருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். தம்பி என்றால் நாற்பது வயசு ஆள். கெட்டிக்காரர். அட்டையை மட்டும் போனில் அனுப்பினார். இதயம், புறா, பொண்ணு மாப்பிள்ளை. நல்லாயிருக்கு என்றேன். உள்ளே பார்க்க வேண்டுமே என்று கேட்டேன். "உள்ள நீங்க குடுத்ததுதானேக்கா" என்றார்.

கல்யாணத்தன்று வழியில் இருக்கும் வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழா. கம்பம் ரோட்டில் தீச்சட்டிக் கூட்டத்துக்குள் மாப்பிள்ளை வீட்டு வேன்கள் மாட்டிக்கொண்டு, தொடக்க ஜெபம் முடிந்த பிறகு அவர்கள் வியர்வையோடு வந்து பின் பெஞ்சுகளை நிரப்பினார்கள். கொயர் தன் வண்ணத் தாள்களோடு தயாராக நின்றது. போதகர் பிரசங்கத்தில் இறங்கினார். அது முடிகிற மாதிரித் தெரியாததால், கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன்.

ரத்தம் பார்க்கிறவளுக்கு ரத்தம் உறைந்தது. பக்கம் முழுக்க மெரூன். கறுப்பு இல்லை, நீலம் இல்லை, சிவப்பு இல்லை, சாம்பல் இல்லை. எல்லாம் ஒரே மெரூன். சின்னதாகக் கிடந்த மாஸ்டரின் வரி மற்ற வரிகளைப் போலப் பெரிதாக, கம்பீரமாக நின்றது. கீழே சோல்ஃபா பளிச்சென்று. மேலே "பாட வேண்டாம்" இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பூ.

அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆல்டோ பிரசங்கத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினாள். யாரிடம் போய்ச் சொல்வது? சபை நிறைந்து கிடக்கிறது, ஒவ்வொரு கையிலும் புத்தகம். புதுப் பாட்டுதானே, யாரும் பாட மாட்டார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வரி வந்தது. கொயர் சொல்லி வைத்தபடி நின்றது. கீபோர்டு மட்டும் மெதுவாக. ஒரு நொடி சபை அமைதியாக இருந்தது, மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பின் பெஞ்சிலிருந்து கம்பத்துக்காரர்கள் எடுத்தார்கள். வேனில் அடைபட்டு வந்த தொண்டைகள். "வாசல் மட்டும் நான் வருவேன்..." அவர்களைப் பார்த்து நடு பெஞ்சு சேர்ந்தது. பெண்கள் சேர்ந்தார்கள். அண்ணாச்சியைப் பார்த்து முறைத்தேன். அவர் யாரிடமோ வாங்கிய புத்தகத்தை எனக்குத் தூக்கிக் காட்டினார், பிரிண்டில் இருக்கிறது என்று. காட்டிவிட்டு முழங்கினார்.

மாஸ்டர் தடியை ஊன்றி எழுந்தார். தீர்ந்தது, வெளியே போகப் போகிறார், இல்லையென்றால் யார் மண்டையிலாவது ஒன்று போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து நின்றார். வாயைத் திறந்தார். பாடினார்.

சத்தம் ஏது? உதடு, தாடை, புருவம் எல்லாம் பழைய மாஸ்டர்தான். கழுத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது. "வருவேன்" என்ற இடத்தில் வாயை மூடி மூச்சு எடுத்தார். அங்கே மூச்சுக்குறி போட்டவர் அவர். புத்தகத்தில் அது இல்லாததால் சபை நிற்காமல் ஓடிவிட்டது. அவர் ஓட்டமாக வந்து "வழி நெடுக"வில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அத்தனை குரலுக்கு நடுவே எது அவருடையது, எது இல்லை என்று யார் சொல்ல முடியும்? மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவளும் பாடினாள்.

நான் அழுதேன். கண் கலங்கினேன் என்று நாசூக்காகவெல்லாம் எழுத மாட்டேன். மூக்கு ஒழுக அழுதேன். இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

பிரஸ் தம்பியைப் பிரியாணிப் பந்தியில் பிடித்தேன். நல்ல எலும்பாகப் பார்த்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என்னய்யா செஞ்சு வச்சிருக்க?"

"ஏங்க்கா, அம்சமா வந்திருக்கே?"

"நான் போட்ட கலரு எங்க?"

அவர் எலும்பைக் கீழே வைத்தார். நிஜமாகவே அவருக்கு அதிர்ச்சி. "கல்யாணப் புத்தகத்துல கறுப்பு ஏத்துவாகளாக்கா? மாப்ள வீட்டுக்காரக என்னைய வெட்டிப்புடுவாக. நீலமும் அப்படித்தான். அந்தச் சாம்பலு இருக்கே, அது சுத்தமா சாவுக் கலரு. பாத்ததும் எனக்குப் பகீருன்னு ஆயிருச்சு. ஒரு வரி வேற நோஞ்சானா இருந்துச்சு, அதப் பெருசாக்கி விட்டேன்."

"பாட வேண்டாம்னு மேல போட்டிருந்தேனே?"

"மங்கள காரியத்துல 'வேண்டாம்'னு ஒரு சொல்லு வரலாமாக்கா? எடுத்துட்டுப் பூவு வச்சேன். அப்புறம் கண்ணு மாதிரி ஒண்ணு அங்கங்க முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. கல்யாணத்துல கண்ணு எதுக்கு? காற்புள்ளியெல்லாம் கோட்டுக்கு மேல செதறிக் கெடந்துச்சு, அதையும் சுத்தம் பண்ணிட்டேன். இம்புட்டும் நானாத்தான் செஞ்சேன், எக்ஸ்ட்ரா ஒண்ணும் கேக்கல."

திட்டுவதற்காகத் திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இலையில் இன்னொரு துண்டு வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மகளை வழியனுப்பிய பிறகு மாஸ்டர் ஆள் அனுப்பினார். பயந்துகொண்டுதான் போனேன். மாஸ்டர் அந்தக் கல்யாணப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மெரூன் மேல் சிவப்புப் பேனா. ஒரு எழவும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தேன். காற்புள்ளி ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. கண்களெல்லாம் மறுபடி முழித்தன. டெனருக்கு மேலே புதிதாக ஒரு வசவு, அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வரிக்கு வந்தேன். பூவைக் கிறுக்கி அழித்துவிட்டு அந்த இடத்தில் ஏதோ எழுதியிருந்தார். "பாட வேண்டாம்" என்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனேன். ஒரே ஒரு சொல். "எல்லாரும்."

"மாஸ்டர், இதச் செவப்புலதானே போடணும்? திருத்தந்தானே?"

மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் கை காட்டி நிறுத்தினார். என் பையிலிருந்து பழைய வண்ணத் தாளை உருவி எடுத்து, அதில் முதல் வரியின் கறுப்புச் சுரத்தின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அந்த வரியைப் பெரிதாக்கி, மேலே "எல்லாரும்" என்று கறுப்பில் அடித்தேன், அவர் முதலிலிருந்தே அப்படித்தான் எழுதியிருந்தார் என்பதுபோல.